வெப்ளி வீட்டு மருமகள்

ரிவால்வர் வைத்திருக்கும் ஆண்கள் 'என்னிடம் ரிவால்வர் இருக்கிறது' என்று சொல்வது குறைவு. 'நம்ம வீட்ல ஒரு வெப்ளி இருக்கு' என்பார்கள். பொருளின் பெயர் மறைந்து கம்பெனியின் பெயர் நிற்கும். புல்லட் வைத்திருப்பவர் தன்னிடம் மோட்டார் சைக்கிள் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளமாட்டார், அதைப் போல. (அந்தப் புல்லட்டின் கம்பெனியும் தன் வண்டி துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது என்றுதான் விளம்பரம் செய்தது. அதன் சின்னத்தில் பீரங்கி.)

உத்தரப் பிரதேசத்திலும் பஞ்சாபிலும் போலத் தமிழ்நாட்டில் துப்பாக்கிப் பெருமை தெருவில் தெரிவதில்லை. கல்யாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுடுகிற வழக்கமும் நமக்கில்லை. ஆனாலும் தொட்டியம், முசிறிப் பக்கத்தில் யார் வீட்டில் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது என்பது ஐந்து வருடத்துக்கு இரண்டு மூன்று முறை வெளியே தெரிந்துவிடும். தேர்தல் தேதி அறிவித்தவுடன் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். வாழைத்தோட்டக்காரர், ஓய்வுபெற்ற ராணுவத்தார், பழைய மிராசுக் குடும்பத்தின் பேரன் எல்லோரும் ரெக்ஸின் உறையில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்வார்கள். திரும்பி வாங்கும்வரை அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். பிள்ளையை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தவர்கள் போல இருப்பார்கள்.

இந்தப் பாசத்துக்குத் துப்பாக்கி உலகம் 'விசுவாசம்' என்று பெயர் வைத்திருக்கிறது. தமிழில் அந்தச் சொல் யாருக்கெல்லாம் பயன்பட்டிருக்கிறது என்று யோசித்தால் சிரிப்பு வரும். நாய்க்கு, பண்ணையாளுக்கு, கட்சித் தொண்டனுக்கு, பிறகு மனைவிக்கு. கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குத் தர வேண்டியது விசுவாசம். இங்கே மட்டும் உடையவன் தன் உடைமைக்கு விசுவாசமாக இருக்கிறான். இந்தத் தலைகீழ் எப்படி நடக்கிறது? அதில் பெண்ணுக்கு என்ன வேலை?

வெப்ளியிலிருந்தே தொடங்குகிறேன். இங்கிலாந்தில் பர்மிங்காமில் செய்யப்பட்ட ரிவால்வர் அது. 1887இல் பிரிட்டிஷ் ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. 1897இல் வேறு நிறுவனங்களோடு இணைந்து 'வெப்ளி அண்ட் ஸ்காட்' ஆனது. மேலே உள்ள கொண்டியை அழுத்தினால் துப்பாக்கி நடுவில் மடிந்து திறக்கும். காலித் தோட்டாக்கள் ஆறும் ஒரே தடவையில் வெளியே வந்து விழும். அந்தக் காலத்துக்கு அது பெரிய வசதி. பிரிட்டிஷ் அதிகாரிகள் கைத்துப்பாக்கியைத் தங்கள் சொந்தக் காசில் வாங்கிக்கொள்வது வழக்கம். அப்படி வாங்கியவர்களோடுதான் வெப்ளி இந்தியாவுக்குள் வந்தது. போலீஸ் சூப்பிரண்டின் இடுப்பிலும் எஸ்டேட் துரையின் மேசை இழுப்பறையிலும் இருந்தது. அவர்கள் போன பிறகு, யார் அவர்களைப் போல உட்கார ஆசைப்பட்டார்களோ அவர்கள் இழுப்பறைக்கு இடம் மாறியது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் ரசிகர்கள் சொல்வதில்லை. வெப்ளி நிறுவனம் 1979இல் சுடுகலன் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. 1980களின் நடுவில் இந்திய அரசு, தனியார் துப்பாக்கி இறக்குமதியை நிறுத்தியது. ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் 9 மி.மீ., .38, .455 போன்ற அளவுகள் பொதுமக்களுக்குத் தடை. எஞ்சியவற்றில் முக்கியமானது .32. ஆக, இந்தியாவில் சட்டப்படி வைத்துக்கொள்ளக்கூடிய நல்ல வெளிநாட்டு ரிவால்வர்கள் பெரும்பாலும் ஒரு காலத்தில் உள்ளே வந்தவைதான். எளிதில் கூடவும் கூடாது. ஒன்று தொலைந்தால் ஒன்று குறையும். அரசுத் தொழிற்சாலையின் புது ரிவால்வரைவிட ஐம்பது வயதான வெப்ளிக்குப் பல மடங்கு விலை கொடுப்பது இதனால்தான். கேட்டால் 'அந்த இரும்பே வேற' என்பார்கள். அவர்களில் எத்தனை பேர் அந்த இரும்பை வருடத்துக்குப் பத்து முறை சுட்டிருப்பார்கள்? லைசென்ஸிலேயே வருடத்துக்கு இத்தனை தோட்டா என்று எழுதியிருக்கும். அதையும் முழுதாக வாங்குகிறவர் அரிது. சுடாத துப்பாக்கியின் நம்பகத்தைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச முடிகிறதென்றால் அந்த உறுதி துப்பாக்கியிலிருந்து வரவில்லை. தட்டுப்பாட்டிலிருந்து வருகிறது, அப்பாவிடமிருந்து வருகிறது.

அப்பா என்று சொன்னது யோசித்துத்தான். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 70 வயதானவரோ 25 வருடம் ஆயுதம் வைத்திருந்தவரோ அதைத் தன் வாரிசுக்கு மாற்றித் தரலாம். வாரிசும் லைசென்ஸ் வாங்க வேண்டும், அவ்வளவுதான். மகளுக்குத் தரக்கூடாது என்று அதில் ஒரு சொல்லும் கிடையாது. நடப்பில் அது மகனுக்குப் போகிறது. மகனில்லாத வீட்டில் மாப்பிள்ளைக்குப் போகிறது. சொத்தில் சம பங்கு என்று 1989இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. நிலத்தைக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போன பெண்களை எனக்குத் தெரியும். 'அப்பாவின் வெப்ளி எனக்கு வேண்டும்' என்று கேட்ட ஒருத்தியையும் தெரியாது.

ஆனால் அந்த வெப்ளியைத் துடைப்பது யார்? தொட்டியத்துக்கு மேற்கே காவிரிக் கரையோர ஊர் ஒன்றில் ஓர் அம்மா என்னிடம் சொன்னார். கல்யாணமாகி வந்த முதல் வருடம் ஆயுதபூஜையன்று மாமியார் அவரிடம் அரிவாள், கடப்பாரை, மண்வெட்டியோடு ஒரு மஞ்சள் துணி மூட்டையையும் கொடுத்தாராம். பிரித்தால் ரிவால்வர். 'தோட்டா இல்லம்மா, பயப்படாதே, எண்ணெய் போட்டுத் துடைச்சு சந்தனம் வை.' அன்றிலிருந்து முப்பத்தோரு வருடமாக அவர்தான் துடைக்கிறார். எந்த இடத்தில் துரு பிடிக்கும், எந்தத் திருகு லொடலொடக்கிறது, கொண்டியை எவ்வளவு அழுத்தினால் திறக்கும் என்பதெல்லாம் அவர் விரல்களுக்குத் தெரியும். கணவருக்குத் தெரியாது. அவர் ஒருமுறையாவது சுட்டிருக்கிறாரா என்று கேட்டேன். 'அதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம்' என்று சிரித்தார். ஊரில் அந்த வீட்டுக்கு 'துப்பாக்கிக்காரர் வீடு' என்று பெயர். விசுவாசத்தின் உழைப்பு அவருடையது, பெயர் அவருடையதில்லை. நம் சமையலறைகளில் நடப்பதிலிருந்து இது எவ்வகையிலும் வேறுபட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

துப்பாக்கி தாராளமாகக் கிடைக்கும் நாட்டில் விசுவாசம் வேறு வழியில் உண்டாகிறது. இன்று உலகில் அதிக விசுவாசிகளைக் கொண்ட கைத்துப்பாக்கி க்ளாக். ஆஸ்திரியாவின் காஸ்டன் க்ளாக் அதற்கு முன் திரைச்சீலைக் கம்பியும் கத்தியும் செய்துகொண்டிருந்தவர். பிளாஸ்டிக் உடல் கொண்ட அவருடைய பிஸ்டலை 1982இல் ஆஸ்திரிய ராணுவம் தேர்ந்தெடுத்தது. சில வருடங்களில் அமெரிக்கப் போலீஸ் துறைகள் வரிசையாக அதற்கு மாறின. பழைய ரிவால்வர்களை நிறுவனம் வாங்கிக்கொண்டு புதியதைச் சலுகை விலையில் கொடுத்தது. துறை கொடுத்த பிஸ்டலில் நூற்றுக்கணக்கான முறை சுட்டுப் பழகிய போலீஸ்காரர் வீட்டுக்கும் அதையே வாங்குகிறார். பக்கத்து வீட்டுக்காரர் 'போலீசே அதைத்தான் வைத்திருக்கிறது' என்று வாங்குகிறார். விசுவாசிகள் சொல்லும் காரணத்திலும் உண்மை உண்டு. க்ளாக்கில் தனியாகத் தள்ளிவிட வேண்டிய பாதுகாப்புக் கொண்டி கிடையாது. முதல் தடவை விசையை அழுத்த எவ்வளவு பலம் வேண்டுமோ பதினேழாவது தடவைக்கும் அதே பலம். பயந்த நேரத்தில் யோசிக்காமல் இயங்குவது அதுதான் என்கிறார்கள். சரி. ஆனால் அந்த யோசிக்காமை, பயிற்சி மணி நேரங்களால் ஆனது. யார் செலவில், யார் நேரத்தில் பயிற்சி என்று கேட்டால் சம்பளம் வாங்கும் ஓர் ஆண் உடல்தான் பெரும்பாலும் கண்முன் வருகிறது.

பெண்ணுக்கும் ஒரு பிராண்டு தயாரித்தார்கள். அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1989இல் 'லேடி ஸ்மித்' வரிசையைக் கொண்டுவந்தது. இந்தியாவில் அந்த வேலையை அரசே செய்தது. 2012 டிசம்பர் 16 இரவு தில்லியில் ஓடும் பேருந்தில் வல்லுறவுக்கு ஆளான மாணவி டிசம்பர் 29 அன்று இறந்தாள். பத்திரிகைகள் அவளுக்கு நிர்பயா என்று பெயர் வைத்தன. 2014 ஜனவரியில் கான்பூரில் உள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்று ஒரு ரிவால்வரை வெளியிட்டது. பெயர் நிர்பீக். அதே பொருள்தான்: அஞ்சாதவள். .32 அளவு, டைட்டானியம் கலவை உடல், எடை அரைக் கிலோ அளவு, விலை 1,22,360 ரூபாய். வெப்ளியும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் கலந்த வடிவம் என்று சொன்னார்கள். நகைப்பெட்டி போன்ற மெரூன் நிறப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள்.

அந்தப் பெட்டியைப் படத்தில் பார்த்தபோது எனக்கு ஔவையார் நினைவுக்கு வந்தார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போன ஔவைக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையாகக் காட்டுகிறான். பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிப் பளபளக்கும் வேல்கள், காவலோடு. ஔவை அவற்றைப் புகழ்வது போலவே பேசிவிட்டு, எங்கள் அரசனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். வஞ்சப்புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாக இந்தப் பாட்டை வகுப்பில் நடத்திவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆயுத விமர்சனம் என்றொரு துறை தமிழில் இருந்தால் அதன் முதல் கட்டுரை இதுதான், எழுதியவர் ஒரு பெண். பூச்சூட்டி வைத்த ஆயுதம் வேறு, கை தேய்ந்த ஆயுதம் வேறு என்பதை அவர் ஒரு பார்வையில் கண்டுகொண்டார். நிர்பீக் தொண்டைமானின் கொட்டிலில் பிறந்தது.

ஔவையிடம் எனக்கு ஒரு முரண்பாடு உண்டு. அவர் யாருடைய வேல் சிறந்தது என்று சொல்கிறாரே தவிர, அது யார் கையில் இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. பொன்முடியாரும் கேட்கவில்லை. 312ஆம் பாட்டில் தாய்க்கு ஒரு கடமை, தந்தைக்கு ஒன்று, கொல்லனுக்கு ஒன்று, வேந்தனுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று என்று பங்கு பிரித்துக் கொடுக்கும் அந்தப் பெண் கவி, மகள் என்ற ஒருத்தி அந்த வீட்டில் இருப்பதாகவே காட்டவில்லை.

நிர்பீக் ஏன் விசுவாசிகளை உண்டாக்கவில்லை என்பதற்கு விலையை மட்டும் சொல்வார்கள். ஒரு லட்சத்து இருபதாயிரம் என்பது பெரும்பாலான பெண்களின் பல மாதச் சம்பளம், உண்மைதான். லைசென்ஸும் எளிதில்லை. தொட்டியத்துப் பெண் ஒருத்தி விண்ணப்பித்தால் திருச்சி கலெக்டர் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் அலைந்து, 'உனக்கு யாரால் ஆபத்து' என்ற கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். அந்த இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. இந்தியாவில் பதிவாகும் வல்லுறவு வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவர் என்பதை தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருடாவருடம் சொல்கிறது. மாமாவையும் பக்கத்து வீட்டுக்காரரையும் முதலாளியையும் காதலனையும் ஆபத்து என்று அந்தப் படிவத்தில் எழுத முடியுமா? எழுதி வாங்கிய ரிவால்வரை எடுக்கும் நேரம் எது? கைப்பையில் இருக்கும் துப்பாக்கி, தெருவில் வரும் அந்நியனுக்காக யோசிக்கப்பட்டது. தெருவைப் பாதுகாப்பாக்க வேண்டிய அரசு, அந்த வேலையை 1,22,360 ரூபாய்க்கு நம்மிடமே விற்றது. செத்தவளின் பட்டப்பெயரைப் பொருளுக்கு வைத்து அதற்கு விசுவாசத்தையும் எதிர்பார்த்தது. கோபம் வராமல் இதை எழுத முடியவில்லை.

பெண் கையில் துப்பாக்கி புதிது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1931 டிசம்பரில் கொமில்லாவில் மாஜிஸ்திரேட் ஸ்டீவன்ஸைச் சுட்ட சாந்தி கோஷும் சுனிதி சௌத்ரியும் பள்ளி மாணவிகள். 1932 பிப்ரவரியில் கல்கத்தா பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் பீனா தாஸ் கவர்னர் ஜாக்சனை நோக்கிச் சுட்டார், குறி தவறியது. சந்திரசேகர் ஆசாத்தின் பிஸ்டல் கோல்ட் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும், அலகாபாத் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங். பீனா தாஸின் கதையைச் சொல்லும்போது கம்பெனிப் பெயர் வருவதில்லை. அந்த ரிவால்வரை வாங்கிக் கொடுத்தவர் கமலா தாஸ்குப்தா என்ற இன்னொரு பெண் என்பதுதான் வருகிறது. எனக்கு அந்தச் சொல்முறை பிடித்திருக்கிறது.

வாஞ்சிக்குப் புதுச்சேரியில் சுடக் கற்றுக்கொடுத்தவர் திருச்சி வரகனேரியில் பிறந்த வ.வே.சு. ஐயர். அவரே தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி. அவருடைய 'குளத்தங்கரை அரசமர'த்தில் கணவன் வீட்டார் கைவிட்ட ருக்மிணி குளத்தில் இறங்கிச் சாகிறாள். ஒரே மனிதரின் கற்பனையில் அநீதிக்கு எதிராக ஆணுக்குப் பிரவுனிங், பெண்ணுக்குக் குளம். ருக்மிணி கையில் பிஸ்டல் கொடுத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எந்தக் கைக்கு எது பொருந்தும் என்பதை எழுதுகிறவர்கள் யோசிக்காமலேயே முடிவு செய்துவிடுகிறார்கள் என்கிறேன்.

பொருந்துதல் என்பது இந்த உலகில் மிகவும் நிஜமான விஷயம். பந்தயத்துக்குச் சுடுகிறவர்களின் விசுவாசம் மட்டும்தான் என்னை உண்மையில் ஈர்க்கிறது. சுவிட்சர்லாந்தின் மொரினி நிறுவனத்தின் பெயரை வளரச் செய்தது கைப்பிடி. உள்ளங்கையின் மேடு பள்ளத்துக்கும் கட்டைவிரல் சாயும் இடத்துக்கும் ஏற்றபடி செதுக்கிய மரக் கைப்பிடி. வாங்கிய பிறகும் வீராங்கனைகள் அதை அரத்தால் ராவுவார்கள், குறைகிற இடத்தில் மக்கு வைத்து நிரப்புவார்கள். பத்து மீட்டர் தூரத்தில் இலக்கின் பத்து மதிப்பெண் வட்டம் 11.5 மில்லிமீட்டர்தான். கை ஒரு நூலளவு வேறு விதமாகப் பிடித்தாலும் ஒன்பதுக்குப் போய்விடும். 60 சுடுகள், 75 நிமிடம். (2018 வரை பெண்களுக்கு 40 சுடுகள்தான். நம் கை அதற்குமேல் தாங்காது என்று நினைத்தார்கள் போலும்.)

2021 ஜூலை 25 அன்று டோக்கியோவில் மனு பாக்கரின் மொரினி பாதியில் பழுதானது. கொண்டி உடைந்தது. கால் மணி நேரத்துக்கும் மேல் போய்விட்டது. சரி செய்துகொண்டு வந்து மீதியை அவசரமாகச் சுட்டு 575 எடுத்தார். இறுதிச் சுற்றுக்கு 577 வேண்டியிருந்தது. மூன்று வருடம் கழித்துப் பாரிசில் இரண்டு வெண்கலம் வாங்கியபோது அவர் துப்பாக்கி கோடிக்கணக்கில் விலை என்று வதந்தி கிளம்பியது. ஒன்றரை லட்சத்திலிருந்து ஒன்று எண்பத்தைந்து வரைதான் என்று அவரே விளக்க வேண்டியிருந்தது. நிர்பீக்கைவிடக் கொஞ்சம்தான் அதிகம். விலையைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. அந்தக் கைப்பிடியில் அவர் செலவழித்த வருடங்கள். உடைந்த பொருளின் மீதும் நம்பிக்கை வைக்க வருடங்கள் வேண்டும்.

அந்த வருடங்களை நம் பெண்களுக்கு யார் தருகிறார்கள்? திருச்சியில் துப்பாக்கிக்குப் பஞ்சமில்லை. 1966 முதல் இங்கே அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. திருச்சி பெயரிலேயே ஒரு துப்பாக்கி ரகம் உண்டு. திருச்சி ரைஃபிள் கிளப் இருக்கிறது. 2022 ஜூலையில் மாநிலப் போட்டி அங்கே நடந்தபோது நடிகர் அஜித்குமார் சுட வந்தார். அவரைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தைச் சமாளிக்கப் போலீஸ் திணறியது. அவர் படத்துக்கே விசுவாசம் என்று பெயர் இருக்கிறது, நான் ஏன் சிரமப்பட வேண்டும்? அதே போட்டியில் சுட்ட சிறுமிகளைப் பற்றி மறுநாள் பேப்பரில் தேடினேன். காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லாததால் சிறுமிகள் தொடங்குவது அதில்தான். தொட்டியத்திலிருந்து ஒரு பெண் பயிற்சிக்கு வர வேண்டுமென்றால் முசிறி வழியாகப் பேருந்தில் போக மட்டும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். அதற்குள் வீட்டில் இருட்டிவிடும். பிறகு கிளப் துப்பாக்கி. அதன் கைப்பிடி வேறு யாருடைய கைக்கோ ராவியது.

அந்தப் பக்கத்திலிருந்து வரும் என் மாணவி ஒருத்தி என்.சி.சி.யில் .22 ரைஃபிள் சுட்டவள். உன்னுடையது என்ன கம்பெனி என்று கேட்டேன். 'தெரியாது மேடம். மூணாம் நம்பர் ரைஃபிள். அது கொஞ்சம் இடது பக்கம் தள்ளும். எவ்வளவு தள்ளும்னு எனக்குத் தெரியும். அதனால கேம்ப்ல ஓடிப்போய் அதையே எடுத்துக்குவேன்.'